கணினித் திரையும் கடைசல் பட்டறையும்

(கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் மாணவர்களும் பெற்றோரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் டிஜிட்டல் உற்பத்தி. அதைக் கல்லூரியில் எப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. ஏன் படிக்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் கணினியால் இயங்கும் சி.என்.சி. மெஷின் ஓடும் சத்தம் கேட்கிற ஊர் இது. ஆனால் எப்படிப் படிப்பது? அங்கேதான் நம் பிள்ளைகள் வழி தவறுகிறார்கள்.

அரங்கத்துக்குள் வரும்போது ஒரு தாய் என்னை நிறுத்திக் கேட்டார்: "ஏனுங்க, இந்தக் கோர்ஸ் படிச்சா வேலை கெடைக்குமுங்களா?" நியாயமான கேள்வி. கடன் வாங்கிப் படிக்க வைப்பவர் கேட்கத்தான் செய்வார். கோர்ஸின் பெயருக்கு வேலை கிடைக்காது, அம்மா. உங்கள் பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் கணக்குக்கும் வேலை கிடைக்கும். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்கிற படிப்புதான் டிஜிட்டல் உற்பத்தி. திரையை மட்டும் பார்த்துக்கொண்டு மூன்று வருடம் கழித்தால் சான்றிதழ் வரும், தொழில் வராது.

டிஜிட்டல் உற்பத்தி என்றால் என்ன? ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்து போவோம்.

நம் ஊர்ப் பொருளாகவே எடுத்துக்கொள்வோம். பம்பு மோட்டாருக்கான பேரிங் ஹவுசிங். அலுமினிய வார்ப்பு. நடுவில் 50 மில்லிமீட்டர் துளை. பேரிங் அதற்குள் போய் உட்கார வேண்டும். முதலில் கணினியில் அதன் முப்பரிமாண வடிவத்தை வரைகிறோம். அந்த வடிவத்தை இன்னொரு மென்பொருளில் ஏற்றி, எந்த டூல், எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகத்தில், எத்தனை முறை வெட்ட வேண்டும் என்று தீர்மானிக்கிறோம். மென்பொருள் அதை மெஷினுக்குப் புரியும் ஜி-கோடாக எழுதித் தருகிறது. அந்தக் கோடு மெஷினுக்குப் போகிறது, மெஷின் வெட்டுகிறது. வெட்டிய ஜாப் அளவுக் கூடத்துக்குப் போகிறது. அங்கே சி.எம்.எம். என்கிற அளவு மெஷின், மாணிக்கக் கல் பதித்த ஊசியால் ஹவுசிங்கை அங்கங்கே தொட்டுப் பார்த்து, துளை எவ்வளவு, வட்டம் சரியா, மட்டம் சரியா என்று எண்களாகச் சொல்கிறது. அந்த எண்கள் திரும்பவும் மெஷினுக்கு வருகின்றன. டூல் தேய்ந்திருந்தால் ஆஃப்செட் என்ற திருத்த எண்ணை மாற்றி அடுத்த ஜாப்பைத் திருத்துகிறோம். வரைபடத்தில் தொடங்கிய தகவல் உலோகத்துக்குள் போய், அளவாக மாறி, மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது. இந்தச் சுற்று அறுபடாமல் ஓட வேண்டும். அதை ஓட வைக்கத் தெரிந்தவரைத்தான் தொழிற்சாலைகள் தேடுகின்றன.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறதல்லவா? இனிமேல்தான் விஷயம் இருக்கிறது.

வரைபடத்தில் அந்தத் துளைக்கு 50 எச்7 என்று போட்டிருக்கும். துளை 50 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 50.025-ஐத் தாண்டவும் கூடாது என்று அதற்கு அர்த்தம். நமக்குக் கொடுத்திருக்கும் இடம் 25 மைக்ரான். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. சரி, ஜாப் மெஷினிலிருந்து வருகிறது. வெளியே நம் ஊர் வெயில், ஷெட்டுக்குள் மெஷின் சூடு. ஜாப் 35 டிகிரியில் இருக்கிறது. பையன் அவசரத்தில் அதை அப்படியே ஏ.சி. அறைக்குள் எடுத்துப் போய் சி.எம்.எம்.-மில் வைத்து அளக்கிறான். 50.010 என்று காட்டுகிறது. அளவு சரி. ஓகே என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிடுகிறான். மறுநாள் அசெம்பிளியில் பேரிங் ஏற மறுக்கிறது. ஏன்?

நீளங்களை அளக்க உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. 50 மில்லிமீட்டர் அலுமினியம், ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல் விரியும். 15 டிகிரிக்கு ஏறத்தாழ 17 மைக்ரான். ஆறிய பிறகு அந்தத் துளை 49.993 ஆகிவிட்டது. கொடுத்திருந்த 25 மைக்ரானில் 17-ஐ வெயிலே தின்றுவிட்டது. மென்பொருள் பொய் சொல்லவில்லை. மெஷின் பொய் சொல்லவில்லை. சி.எம்.எம்.-மும் பொய் சொல்லவில்லை. ஜாப்பைத் தொட்டுப் பார்த்து "இன்னும் சூடா இருக்கே, கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்ல ஒரு கை அங்கே இல்லை. அந்தக் கைக்குத்தான் சம்பளம், மாணவர்களே! அந்தக் கைக்குத்தான் மரியாதை!

இன்னொன்றும் சொல்கிறேன். கணினியில் சிமுலேஷன் ஓட்டிப் பார்க்கிறீர்கள். டூல் அழகாக வருகிறது, அழகாக வெட்டுகிறது, மோதலைக் காட்டும் சிவப்பு எங்கேயும் இல்லை. மெஷினில் போட்டால் டூல் நேராகப் போய் கிளாம்பில் மோதுகிறது. இன்சர்ட் சிதறுகிறது. ஸ்பிண்டில் அடி வாங்குகிறது. காரணம் தேடினால் அந்தக் கிளாம்பை யாரும் கணினியில் வரையவே இல்லை. வரையாத பொருளை எந்தச் சிமுலேஷனும் பார்க்காது. ஜி-கோடில் இன்னொரு ஆபத்தும் உண்டு: சில கன்ட்ரோல்களில் எக்ஸ் 50 என்று அடித்துத் தசமப் புள்ளி வைக்க மறந்தால், மெஷின் அதை 50 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளாமல் 50 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு புள்ளி, ஆயிரம் மடங்கு! அதனால்தான் அனுபவமுள்ள செட்டர் முதல் ஜாப்பை எடுத்தவுடன் ஓட்ட மாட்டார். டூலை மேலே தூக்கி வைத்துக் காற்றில் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார். பிறகு ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டுவார். ஒரு கை ஃபீட் குமிழில் இருக்கும், கண் திரையில் மீதித் தூரம் எவ்வளவு என்று பார்க்கும். அந்த ஐந்து நிமிடப் பொறுமையை எந்தப் பாடப்புத்தகமும் கற்றுத் தராது. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வர வேண்டும்.

இந்தத் தொழில்நுட்பம் பிறந்த கதையிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. 1940-களின் கடைசி. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவைச் சரியாக வெட்ட வேண்டும். கையில் இருந்த புள்ளிகள் போதவில்லை. துளையிட்ட அட்டைகளில் கணக்குப் போடும் ஐ.பி.எம். மெஷினைக் கொண்டு, வளைவின் மேல் இன்னும் நெருக்கமாகப் புள்ளிகளைக் கணக்கிட்டார்கள். பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? மில்லிங் மெஷின் முன்னால் மூன்று பேர். ஒருவர் எண்களை உரக்கப் படிப்பார். ஒருவர் எக்ஸ் கைப்பிடியைச் சுற்றுவார், மற்றவர் ஒய் கைப்பிடியைச் சுற்றுவார். எண்ணைக் கேட்டு உலோகம் வெட்டிய மூன்று மனிதர்கள்! மனிதன் படிக்கிற எண்ணை மெஷினே படித்தால் என்ன என்ற கேள்வி அங்கே முளைத்தது. 1952-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில், எண்களைத் தானே படித்து ஓடுகிற மில்லிங் மெஷினை உலகத்துக்குக் காட்டினார்கள். இன்று உங்கள் ஒர்க்ஷாப்பில் நிற்கும் சி.என்.சி.க்கு அதுதான் மூதாதை. முதலில் கைப்பிடி சுற்றினார்கள், அதன் பிறகுதான் கணினி வந்தது. அந்த வரிசையை நீங்களும் உங்கள் படிப்பில் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். கைப்பிடி சுற்றிப் பழைய லேத்தில் ஒரு தண்டைக் கடைந்தவனுக்கு, டூல் உலோகத்தைக் கடிக்கும்போது வருகிற எதிர்ப்பு உள்ளங்கையில் தெரியும். அவன் பிற்பாடு ஃபீட் என்று ஓர் எண்ணை அடிக்கும்போது, அந்த எண் அவனுக்கு வெறும் எண்ணாக இருக்காது.

அதே நேரத்தில், "எனக்குக் கை வேலை வரும், கணக்கு வராது" என்று யாரும் நழுவவும் முடியாது. பிரான்சில் ரெனோ கார் கம்பெனியில் பியர் பெசியே என்ற பொறியாளர் இருந்தார். கார் உடம்பின் வளைவுகளைக் கணினியில் எப்படிச் சொல்வது என்று 1960-களில் மண்டையை உடைத்துக்கொண்டார். சித்ரோவன் கம்பெனியில் பால் டி காஸ்தெல்ஜோ என்பவர் அவருக்கும் முன்பே அதே கணக்கைப் போட்டு வைத்திருந்தார், கம்பெனி வெளியே சொல்லவில்லை. சில புள்ளிகளைக் கொடுத்தால் போதும், இடையிலுள்ள வளைவைச் சூத்திரம் போட்டுக்கொள்ளும். இன்று வடிவம் வரையும் கேட் மென்பொருளில் நீங்கள் இழுக்கும் வளைவுகளுக்கு அடியில் அந்தக் கணக்கு இருக்கிறது. அவ்வளவு ஏன், உங்கள் செல்போனில் தெரியும் தமிழ் எழுத்துகளின் சுழிகள்கூட அந்த வகை வளைவுகள்தான். பாலினாமியல் எதற்குப் பயன்படும் என்று கேட்கிறீர்களே, நீங்கள் தினமும் விரலால் தொடுவது அதைத்தான். கணக்கு வாத்தியார் வகுப்பில் தூங்காதீர்கள்.

அடுத்து 3டி பிரிண்டிங். இதைச் சொன்னதும் பின்வரிசையில் கண்கள் விரிவது தெரிகிறது! 1983-இல் சக் ஹல் என்ற அமெரிக்கர், புற ஊதா ஒளி பட்டால் இறுகும் திரவத்தை அடுக்கடுக்காக இறுக வைத்து ஒரு சின்னக் கிண்ணம் செய்தார். அங்கே தொடங்கியது. நம் பக்கத்துக்கு வாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் காஸ்மோஸ் நிறுவனம், 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ராக்கெட்டை ஏவியது. அதில் இருந்த எஞ்சின் ஒரே துண்டாக 3டி பிரிண்டரில் அச்சிட்டது. பல துண்டுகளாகச் செய்து, பற்றவைத்து, போல்ட்டு போட்டு இணைக்க வேண்டிய எஞ்சின், ஒரே துண்டு! பலமுறை தள்ளிப் போன பிறகு அன்று அது மேலே கிளம்பியபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. உங்களுக்கும் நிறைந்திருக்கும்.

ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பட்டனைத் தட்டினால் எஞ்சின் வந்துவிடுமா? உலோகத் தூளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, லேசரால் உருக்கி, அதன் மேல் அடுத்த அடுக்கு. இப்படி ஆயிரக்கணக்கான அடுக்குகள். ஒவ்வொரு முறை உருகி உறையும்போதும் உலோகத்துக்குள் இறுக்கம் சேர்கிறது. அந்த இறுக்கம் தளர்வதற்குள் அடித்தட்டிலிருந்து அறுத்தால் பொருள் கோணிக்கொள்ளும். எனவே, உள்ளே இருக்கும் நுண்ணிய குழாய்களில் தங்கிய தூளை முதலில் வெளியேற்றிவிட்டு, பொருளை அடித்தட்டோடு உலையில் வைத்துப் பக்குவப்படுத்த வேண்டும். வயர்கட்டில் அறுத்தெடுக்க வேண்டும். இன்னொரு பாகத்தோடு பொருந்தும் முகங்களை மறுபடி சி.என்.சி.யில் வெட்ட வேண்டும். பிறகு அளக்க வேண்டும். பிரிண்டர் வந்தால் டர்னருக்கு வேலை போய்விடும் என்று சொன்னவர்கள் இந்த வரிசையை ஒரு முறை நின்று பார்க்கட்டும். பிளாஸ்டிக்கில் சாவிக் கொத்துக்கு உங்கள் பெயரை அச்சடிப்பது நல்ல தொடக்கம். அதோடு 3டி பிரிண்டிங் படித்துவிட்டோம் என்று எண்ணுவது மட்டும் வேண்டாம்.

மெஷினிலிருந்து வரும் தகவலைப் பற்றி ஒரு கணக்கு. 2011-இல் ஜெர்மனியில் ஹானோவர் கண்காட்சியில் தொழில் 4.0 என்ற பேச்சு எழுந்ததிலிருந்து, எல்லா மெஷினிலும் சென்சார் வைக்கச் சொல்கிறார்கள். வைத்து என்ன செய்வது? ஒரு மெஷின் ஓட வேண்டிய நேரத்தில் 90 சதவீதம் ஓடுகிறது. ஓடும்போது தன் முழு வேகத்தில் 90 சதவீதம். வெட்டிய ஜாப்பில் 90 சதவீதம் நல்ல ஜாப். எல்லாமே தொண்ணூறு, பரீட்சையாக இருந்தால் வீட்டில் கேசரி கிண்டுவார்கள். ஆனால் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். 73 சதவீதம்கூட முழுசாக வரவில்லை! நூறு ரூபாய் சம்பாதிக்க வேண்டிய மெஷின் 27 ரூபாயை எங்கேயோ சிந்திக்கொண்டிருக்கிறது. எங்கே? டூல் மாற்றும்போதா, வார்ப்பு வரக் காத்திருக்கும்போதா, டீ நேரத்திலா? பத்து மெஷின் வைத்திருக்கும் சிறு முதலாளிக்கு அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் பிள்ளை வேண்டும். ராத்திரி தூக்கம் வராமல் கடன் வட்டிக் கணக்குப் பார்க்கும் அந்த மனிதருக்கு நீங்கள் செய்கிற உதவி சாதாரணமானது இல்லை.

ஸ்பிண்டில் பேரிங் கெடப் போவதை அதிர்வு சென்சார் முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும். அதே மெஷினில் பத்து வருடம் நின்ற ஆபரேட்டரும் சொல்லிவிடுவார், குழந்தையின் அழுகையில் பசியா வலியா என்று பிரித்துச் சொல்லும் தாயைப் போல. "சத்தம் ஒரு மாதிரி இருக்குதே தம்பி" என்பார். அந்த "ஒரு மாதிரி" திரையில் எந்த அலையாகத் தெரிகிறது என்று கண்டுபிடித்து, அவர் காதையும் சென்சாரையும் இணைத்து வைப்பதுதான் உங்கள் படிப்பு. அவரை அண்ணா என்று கூப்பிடுங்கள். பக்கத்தில் நின்று கேளுங்கள். அவருக்குக் கணினி தெரியாது என்று ஏளனமாகப் பார்க்கும் மாணவன் பாதிப் படிப்பை வாசலிலேயே தொலைத்துவிடுகிறான்.

மெஷினோடு பழகிப் படிப்பது இந்த ஊருக்குப் புதிதா? 1930-களில் பைகாரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின, பம்புகள் பெருகின. கலங்கல் கிராமத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஜி.டி. நாயுடு, மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றிப் போட்டுத் திரும்ப மாட்டித்தான் எந்திரம் படித்தார். 1937-இல் இந்தியாவின் முதல் மின் மோட்டார் இங்கே உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. கழற்றிப் பார்க்கிற பழக்கம் இந்த மண்ணுக்கு இருக்கிறது. அதோடு கணினியைச் சேர்க்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பி.இ. ஒன்றுதான் வழி என்று நினைக்காதீர்கள். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போன பிள்ளை டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் இரண்டாம் ஆண்டு சேரலாம். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தொழில் 4.0 தரத்துக்கு உயர்த்தும் திட்டம் வந்து, புதிய மெஷின்களும் ரோபோக்களும் அங்கே இறங்கியிருக்கின்றன. அப்ரண்டிஸ் பயிற்சியில் உதவித்தொகையோடு தொழில் கற்கலாம். ஒரு வருடம் அப்ரண்டிஸாக நின்றுவிட்டு வரும் பிள்ளை வகுப்பில் கேட்கிற கேள்வியே வேறு மாதிரி இருக்கும். பெண் பிள்ளைகளின் பெற்றோர்களே, உங்களிடம் தனியாகவே கேட்டுக்கொள்கிறேன். அளவுக் கூடமும், புரோகிராமிங்கும், மெஷின் செட்டிங்கும் ஆணுக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அனுப்புங்கள், தடுக்காதீர்கள்.

மெஷின் வந்தால் ஆள் குறையும் என்ற பயம் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை, குறையத்தான் செய்யும். ஜாப்பை எடுத்து மாட்டிக் கதவை மூடுகிற வேலையை ரோபோ எடுத்துக்கொண்டு வருகிறது. அந்த வேலையை நம்பி மட்டும் நிற்காதீர்கள். ஆனால் அந்த ரோபோவுக்கு வழி சொல்லிக் கொடுக்கவும், அது நின்றால் ஏன் நின்றது என்று பார்க்கவும், மெஷின் வெட்டியதை அளந்து தீர்ப்புச் சொல்லவும் ஆள் வேண்டும். அந்த ஆளாக ஆக இந்த மூன்று ஆண்டு போதும், நீங்கள் மனம் வைத்தால்.

வசதி இல்லை என்று சொல்லாதீர்கள். ஃப்ரீகேட் என்ற மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. மகாராஷ்டிராவில் பாபல் என்றொரு கிராமம். அங்கே விக்யான் ஆசிரமம் என்ற பள்ளி. எம்.ஐ.டி. தன் வளாகத்துக்கு வெளியே அமைத்த முதல் ஃபேப் லேப் என்னும் டிஜிட்டல் உற்பத்திப் பட்டறை, 2002-இல் அந்தக் கிராமத்தில்தான் தொடங்கியது. பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைகளுக்குக் கைத்தொழில் மூலம் கல்வி தந்த இடம் அது. கிராமத்துப் பிள்ளைகளால் முடிந்தது, பட்டறைகளுக்கு நடுவில் குடியிருக்கும் உங்களால் முடியாதா?

முதல்வர் அவர்களே, நிர்வாகத்தினரே, கடைசியாக உங்களிடம் சில வேண்டுகோள்கள். புதிய ஐந்தச்சு மெஷின் வாங்கப் போவதாகச் சொன்னீர்கள், மகிழ்ச்சி. அதற்கு இடம் வேண்டும் என்று பழைய லேத்துகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலாண்டு மாணவன் ஒவ்வொருவனும் அதில் ஒரு தண்டாவது கடைந்துவிட்டுத்தான் சி.என்.சி.யைத் தொட வேண்டும். அளவுக் கூடத்தின் சாவி லேப் உதவியாளரின் இடுப்பிலேயே தொங்க வேண்டாம், மாலை ஆறு மணி வரை திறந்து வையுங்கள். மைக்ரோமீட்டர் கீழே விழுந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைத்தால் பிள்ளைகள் எப்போது பிடித்துப் பழகுவது? இறுதியாண்டு புராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கி வரும் வழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு மாணவனும் தான் வரைந்து, தான் வெட்டி, தான் அளந்த ஒரு பொருளை மேசை மேல் வைக்கட்டும். அளவு தவறியிருந்தாலும் பரவாயில்லை, ஏன் தவறியது என்று அவன் சொல்லட்டும், அதற்கு மதிப்பெண் கொடுங்கள். பரிசோதிக்கப் பக்கத்துப் பட்டறைக்காரர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் கேட்கிற கேள்விதான் நாளைக்கு நேர்முகத் தேர்வில் வரப்போகிற கேள்வி. நான் கேட்ட பட்டறைக்காரர்கள் பலரும் வரத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள். தேதியை மட்டும் நீங்கள் குறியுங்கள்.